பதினெட்டு வாக்குகள்

சரித்திரம் என்றவுடன் நம்மவர் மனம் படையெடுப்புகளையும் முடிசூட்டு விழாக்களையும் நோக்கி ஓடுகிறது. பள்ளிப் புத்தகங்கள் நம்மை அவ்வாறு பழக்கிவிட்டன. ஆனால் இலட்சக்கணக்கான ஏழை மக்களின் வாழ்வைத் தலைகீழாகப் புரட்டிய காரியங்களுட் சில, வாளோசையின்றி, ஒரு துளி குருதியும் சிந்தாமல், மேசையும் நாற்காலியும் இட்ட ஒரு மண்டபத்திலே, சிலர் எழுந்து பேச, சிலர் அமர்ந்து கேட்க, இறுதியில் வாக்குகளை எண்ணிக் கூறியவுடன் முடிந்துபோயின. அத்தகைய நாட்களுள் ஒன்றையே இன்று அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20ஆம் நாள், வெள்ளிக்கிழமை. இடம், கொழும்பு நகரில் காலிமுகத் திடலை அடுத்திருந்த இலங்கைப் பாராளுமன்றம். அன்று அச்சபையின் அலுவல், இலங்கைப் பிரஜாவுரிமை மசோதாவின் இரண்டாம் வாசிப்பு.

"பாகான் செராயில் இருந்துகொண்டு கொழும்பின் பழங்கதையைப் பேசுவானேன்?" என்று வினவும் அன்பர்களும் இருக்கலாம். அவர்கட்கு ஒரே விடைதான் உண்டு. திருச்சி, சேலம், தஞ்சை ஜில்லாக்களின் ஒரே கிராமத்திலிருந்து அண்ணன் கண்டிச் சீமைக்கும் தம்பி பினாங்குக்கும் போன காலம் ஒன்று இருந்தது. அண்ணன் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தான். தம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கிக் கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் இரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தான். இருவரையும் அனுப்பியது ஒரே வறுமை. இருவரையும் ஓட்டியது ஒரே விதமான கங்காணி முறை. அண்ணன் வீட்டில் நடந்தது தம்பிக்கும் பாடமன்றோ?

அந்த நாளின் பொருளை உணர வேண்டுமானால் அதற்கு முந்திய வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பித் தோட்டங்களுக்காக இலங்கை மலைநாட்டில் தமிழ்த் தொழிலாளர் புகலாயினர். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. காப்பி பருவத்தொழில், பறிப்புக் காலம் முடிந்தால் தொழிலாளி ஊர் திரும்பலாம். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய பயிர். ஆகவே வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கினர்; அங்கேயே பிள்ளை பெற்றனர்; அங்கேயே மாண்டனர். 1946ஆம் ஆண்டின் குடிமதிப்பில் "இந்தியத் தமிழர்" என்று எழுதப்பட்டோர் சுமார் 7 இலட்சத்து 80 ஆயிரம். இலங்கை மக்கள் தொகையில் இது ஒன்பதில் ஒரு பங்குக்கு ஏறக்குறைய ஒத்தது. அத்தீவின் செல்வத்துக்கு ஆதாரமாயிருந்த தேயிலை இவர்கள் கையால் வளர்ந்தது என்பதை எவரும் மறுத்ததில்லை.

1931ஆம் ஆண்டில் டொனமூர்த் திட்டப்படி இலங்கையில் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. தோட்டத் தமிழர்க்குச் சில தடைகள் இடப்பட்டபோதிலும், அவர்களிற் பலர் வாக்காளர் ஆயினர். 1939இல் ஜவாஹர்லால் நேரு இலங்கைக்குச் சென்றபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றிற்று. 1947இல் நடந்த பொதுத் தேர்தலில் அக்கட்சி ஏழு இடங்களைப் பெற்றது. தொண்டமான், இராஜலிங்கம், வேலுப்பிள்ளை முதலானோர் மலைநாட்டுப் பிரதிநிதிகளாகச் சபைக்குள் சென்றனர். அது மட்டுமன்று, வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி அபேட்சகர்களுக்குத் துணை செய்தது. இந்தக் கடைசிச் செய்தியை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நடந்தவற்றுக்கெல்லாம் காரணங்களை ஆராயுமிடத்து, இது சிறிய காரணமன்று.

1948 பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்தரம் பெற்றது. சுதந்தரம் பெற்ற நாடு, தன் பிரஜைகள் யாவர் என்பதை வரையறுத்துச் சட்டஞ் செய்தல் முறையே. இதை நாம் மறுப்பதற்கில்லை. பிரதம மந்திரி டி. எஸ். சேனநாயகா எடுத்துரைத்த நியாயமும் இதுவே. ஒரு தேசத்தின் பிரஜை யார் என்பதை அத்தேசமே தீர்மானிக்க வேண்டும். வெளியார் தீர்மானிக்க இயலாது. இந்த நியாயத்தை நாமும் ஒப்புக்கொள்வோம். வினா அதுவன்று. நூறாண்டு உழைத்தவன் வெளியானா உள்ளானா என்பதே வினா.

மசோதாவின் வாசகத்தைப் பார்ப்போம். சட்ட வாசகம் என்றால் நம்மவர் அஞ்சி விலகுகின்றனர். வழக்கறிஞர்க்கு உரியதென்று ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால் இந்த மசோதாவின் உயிர்நிலை நான்கே சொற்களில் அடங்கும். தந்தை, தந்தையின் தந்தை, அவர் தந்தை, பிறந்த இடம் என்பனவே அவை. இலங்கையிற் பிறந்தவன் ஒருவன் வம்சாவழிப் பிரஜையாவதற்கு, அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும். இலங்கையில் தான் பிறந்தது மாத்திரம் போதாது. ஆயுள் முழுதும் அங்கே வாழ்ந்ததும் போதாது. தாயின் பிறப்போ இக்கணக்கிற் சேராது. மணவாழ்க்கையின்றிப் பிறந்த பிள்ளைக்கே தாயின் வழி பார்க்கப்படும். பதிவின் மூலம் பிரஜையாகும் வழியும் மிகக் குறுகியது. சிறந்த பொதுச்சேவை புரிந்தார் என்று மந்திரி கருதுவோர்க்கு ஆண்டொன்றுக்கு இருபத்தைந்து பேர் என்பது அவ்வழிகளுள் ஒன்று. ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியே நிற்க, ஆண்டுக்கு இருபத்தைவர்!

இனி, இந்த வாசகம் ஒரு லயத்து வீட்டில் எவ்வாறு வேலை செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் ஹட்டனுக்கருகில் ஒரு தோட்டத்திற் பிறந்தாள். அவள் தாயும் அதே தோட்டத்திற் பிறந்தவள்; பாட்டியும் அங்ஙனமே. ஆனால் அவள் தந்தை சேலத்திற் பிறந்து, மூன்று வயதில் தோளில் சுமந்து கொண்டுவரப்பட்டவன். சட்டப்படி அவள் பிரஜையல்லள். மற்றொருவன் தந்தையோ உண்மையிலேயே இலங்கையிற் பிறந்தவன். எனினும் அதற்கு அத்தாட்சி வேண்டும். அந்நாட்டில் பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். எழுத்தறியாத் தொழிலாளி, கணக்கப்பிள்ளையின் தயவை நம்பி வாழ்ந்தவன், தன் தந்தை பிறந்ததற்குக் காகிதம் எங்கிருந்து கொணர்வான்? கிராமத்துச் சிங்களவரிலும் எத்தனை பேரிடம் அக்காகிதம் இருந்திருக்கும்? ஆனால் அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. சட்டத்தின் சொற்கள் எல்லார்க்கும் பொதுவாயிருந்தன. கேள்வி மாத்திரம் ஒருவனிடமே கேட்கப்பட்டது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். பிரஜாவுரிமை விஷயத்திலோ ஏட்டிலுள்ள சுரைக்காயே கறிக்கு உதவும். தோட்டத்தில் காய்த்த சுரைக்காய் உதவாது. இதை நம்மவர் இன்னும் நன்கு உணரவில்லை.

சபையில் நடந்த விவாதத்துக்கு வருவோம். மசோதாவை எதிர்த்தோர் ஒரே குரலிற் பேசவில்லை. வெவ்வேறு நியாயங்களைக் கூறினர். இலங்கை இந்தியர் காங்கிரசின் அங்கத்தினர், தங்கள் மக்கள் அந்நாட்டையே தாயகமாகக் கொண்டவர் என்றும், உழைத்து உருவாக்கிய நாட்டிலேயே அன்னியராக்கப்படுவது அநீதி என்றும் முறையிட்டனர். கொல்வின் ஆர். டி சில்வா, பீட்டர் கெனமன் முதலிய இடதுசாரித் தலைவர்கள், இது இனத்தை நோக்கியதாய்த் தோன்றினும் உண்மையில் தொழிலாளி வர்க்கத்தை நோக்கிய சட்டம் என்று வாதித்தனர். தமிழ்க் காங்கிரசைச் சேர்ந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் நீண்ட காலத்துக்கு நினைக்கப்படும் ஓர் எச்சரிக்கையை விடுத்தார். இன்று மலைநாட்டுத் தமிழனுக்கு நேர்வது நாளை மொழிப் பிரச்சினை எழுங்கால் இலங்கைத் தமிழனுக்கும் நேரும் என்பது அதன் கருத்து. எட்டாண்டு கழியுமுன், 1956 ஜூன் மாதத்தில், சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்ற சட்டம் அதே சபையில் நிறைவேறிற்று.

பின்னர் வாக்கெடுத்தனர். மசோதாவுக்கு ஆதரவாக 53. எதிராக 35. வேற்றுமை பதினெட்டு வாக்குகள். பின்னர் இது 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் சட்டமாக ஏறியது. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டில் மறுநாளும் வழக்கம்போல் விடியுமுன் பிரட்டு நடந்திருக்கும். பெண்கள் கூடை சுமந்து மலையேறியிருப்பார்கள். தாங்கள் நாடற்றவராகும் வழியில் முதலடி வைக்கப்பட்டதை அவர்களிற் பெரும்பாலோர் அறிந்திருக்க மாட்டார்கள். வயிற்றில் அடித்தால் உடனே வலிக்கும். சட்டத்தில் அடித்தால் பத்தாண்டு கழித்தே வலிக்கும்.

இந்த முப்பத்தைந்து என்ற தொகையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் பெற்ற இடங்கள் ஏழு. தமிழ்க் காங்கிரஸ் பெற்றவையும் ஏழு. இப்பதினால்வரும் ஒருவர் குறையாமல் எதிர்த்து வாக்களித்தனர் என்றே கொண்டாலும், மீதி இருபத்தொரு வாக்குகள் பிற கட்சியினருடையவை. அவற்றுட் பல சிங்கள இடதுசாரிகளுடையவை. ஆகவே இதைச் சிங்களவர் அனைவரும் தமிழர் அனைவர்க்கும் செய்த தீங்கு என்று கூறி முடித்துவிடுவது சோம்பேறித்தனமான சரித்திரம். தம் இனத்தாரின் கோபத்துக்கு அஞ்சாது, முன்பின் அறியாத தமிழ்க் கூலிக்காகக் கையுயர்த்திய சிங்களவர் அன்று இருந்தனர். அவர்களை மறப்பது நன்றி கொல்வதாகும்.

நம்மவர் நடந்துகொண்ட முறையையும் மறைக்கலாகாது. ஆகஸ்டு மாதத்தில் மசோதாவை எதிர்த்த தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அடுத்த மாதமே மந்திரி சபையிற் சேர்ந்தார். டிசம்பரில் இரண்டாவது மசோதா வந்தது. இந்தியரும் பாகிஸ்தானியரும் விண்ணப்பித்துப் பிரஜையாவதற்கு வழி சொல்லும் மசோதா அது. வழி சொன்னது உண்மை. அவ்வழியில் முள்ளிட்டதும் உண்மை. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது அங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். வருவாய்க்கு வழியுண்டெனக் காட்ட வேண்டும். இரண்டாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாய் செத்த செய்தி கேட்டு ஊருக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டவன், இடையறாது வசித்தவனாகான். மந்திரி பொன்னம்பலம் அதனை ஆதரித்தார். செல்வநாயகம் எதிர்த்தார். கட்சி பிளந்தது; 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. பொன்னம்பலத்தின் ஆதரவாளர், முழுவதும் இழப்பதினும் ஒரு பகுதியேனும் பெறுவது மேலென்று அவர் கருதினார் என்பர். அந்த நியாயத்தையும் கூறிவிட்டோம். பின்னர் நடந்த கணக்கைப் பார்த்து அன்பர்களே தீர்ப்புக் கூறலாம்.

ஆனால் ஒரு தலைவரின் மேல் முழுப் பழியையும் ஏற்றிவிட்டு நாம் கைகழுவலாகாது. யாழ்ப்பாணத்து உயர்குடியினரெனத் தம்மைக் கருதியோரில் எத்தனை பேர் மலைநாட்டுத் தமிழனைத் தம்மவனாக மதித்தனர்? "தோட்டக்காட்டான்" என்ற இழிசொல்லைப் படைத்தவன் சிங்களவனல்லன், தமிழனே. தோட்டத்தாரிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட ஜாதியினர் என்பதும், அவர்களோடு ஒரே பந்தியில் அமர இவர்கள் கூசினர் என்பதும் யாவரும் அறிந்தவை. பந்தியில் பக்கத்தில் வைக்காதவனை, பாராளுமன்றத்தில் பக்கத்தில் வைப்பார்களா? மொழி ஒன்று, மதமும் ஒன்று. ஜாதி என்னும் ஒரு கரையான் இடையிற் புகுந்தவுடன் ஒற்றுமை உளுத்துப்போயிற்று. பதினெட்டு வாக்குகளால் தோற்றோம் என்பது அன்றைய கணக்கு. ஜாதியால் அதற்கு முன்னரே தோற்றிருந்தோம் என்பது பழைய கணக்கு.

அப்புறம் நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 1949இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு, பிரஜையல்லாதார் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். 1947இல் ஏழு பேரை அனுப்பிய மலைநாட்டு மக்கள் 1952 தேர்தலில் தம் கட்சியின் சார்பாக ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் தொடங்கி நான்கு மாதங்களுக்கு மேல் அவர்கள் சத்தியாக்கிரகம் நடத்தினர். வழக்கும் தொடுத்தனர், அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1953இல் அங்கும் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே அமைந்தது. இரண்டாவது சட்டத்தின்படி சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பத்தாண்டுக்கு மேலாக ஆராய்ந்த பின் உரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. ஆறு பேர் வாயிலில் நின்றால் ஒருவனுக்கே கதவு திறந்தது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். நாடற்றோர் தொகை 9 இலட்சத்து 75 ஆயிரம் என்று கொண்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்பதென்றும், மீதி ஒன்றரை இலட்சத்தைப் பின்னர்ப் பார்ப்பதென்றும் முடிவாயிற்று. 1974இல் அம்மீதியைச் சரிபாதியாகப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவை அரிசி மூட்டைகளல்ல, மனிதர். அம்மனிதரை ஒருவரும் கலந்து பேசவில்லை. ஒரே குடும்பத்தில் தகப்பன் இந்தியக் கணக்கிலும் மகள் இலங்கைக் கணக்கிலும் விழுந்ததுண்டு. தலைமன்னாரிற் கப்பலேறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தோர், தாம் பிறவாத "தாய்நாட்டில்" நீலகிரி முதலிய இடங்களிற் சிதறினர். அங்கே அவர்களுக்கு "சிலோன்காரர்" என்ற பெயர் காத்திருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் எண் சட்டமும் வந்த பின்னரே எஞ்சியோர்க்கு விடிவு பிறந்தது. ஒரு நாளில் வாக்கெடுத்துப் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க ஐம்பத்தைந்து ஆண்டு பிடித்தது. பறிகொடுத்தோரிற் பலர் அதற்குள் மண்ணுக்கு உரமாயினர்.

1948 டிசம்பர் 10ஆம் நாள், பாரிஸ் நகரில் கூடிய உலக நாடுகளின் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு தேசத்தின் பிரஜையாயிருக்கும் உரிமை உண்டு என்பது அதன் பதினைந்தாம் பிரிவு. கொழும்பில் முதற் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு மாதமும் ஆகவில்லை.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். அதே 1948இல் மலாயாவின் நிலை என்ன? பிப்ரவரி 1ஆம் நாள் மலாயாக் கூட்டாட்சி அமைந்தது. இங்கும் தொழிலாளர் பிரஜையாவதற்குப் பல ஆண்டு வாசமும் மொழியறிவும் நிபந்தனைகளாயின. ஜூன் மாதத்தில் அவசரகாலம் பிறந்தது; தொழிற்சங்கங்கள் நொறுங்கின; அவசரகால விதிகளின்கீழ் அடையாள அட்டையும் வந்தது. எனினும் 1957இல் மலாயா வேறு வழியிற் சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நமது சட்டசபை ஏற்ற அரசியலமைப்பு, மெர்டேக்கா நாளிலிருந்து இம்மண்ணிற் பிறக்கும் குழந்தை பிரஜையாகும் என்றது. 1962இல் அது குறுகிற்று. பெற்றோரில் ஒருவரேனும் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. மெர்டேக்காவுக்கு முன் பிறந்தவர்க்கும் கதவு திறந்தேயிருந்தது. ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய் மொழித் தேர்வும் வேண்டியதில்லை என்ற சலுகை கிடைத்தது. கொழும்பு கதவைச் சாத்தியது. கோலாலம்பூர் கதவைத் திறந்தது. இதற்கு நாம் நன்றியுடையோம்.

ஆயினும் திறந்த கதவின் வழியே நாம் அனைவரும் நுழைந்தோமா? இல்லை. "அந்திமக் காலத்தில் ஊருக்குப் போய்விடுவோம், இங்கே காகிதம் எதற்கு?" என்றிருந்தோர் பலர். விண்ணப்பத் தாள் என ஒன்று உண்டென்பதே அறியாதோர் அவரினும் பலர். அறிந்த கிராணிமாரும் அறிவிக்கவில்லை. 1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, பிரஜையல்லாதார் வேலை பார்க்க உத்தரவுச் சீட்டு வேண்டும் என்றபோதுதான் தோட்டங்கள் விழித்தன. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். ஏறாதவர் கையில் சிவப்பு அடையாள அட்டை நின்றது.

தோட்டக் கணக்கறையில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நமக்கு இது ஏட்டுச் சரித்திரமன்று. சில காலத்துக்கு முன் எழுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்தார். பேராக்கிலேயே ஒரு தோட்டத்திற் பிறந்து, பதினான்கு வயதில் பால்வெட்டத் தொடங்கி, கணவனையும் இங்கேயே புதைத்தவர். கையில் சிவப்பு அட்டை. பிறப்புப் பத்திரம் இல்லை. பிறந்த தோட்டம் இன்று இல்லை. அதன் பதிவேடுகள் இல்லை. பேறு பார்த்த மருத்துவச்சி இல்லை. "ஐயா, நான் பொறந்ததுக்கு நானே சாட்சி, வேற யாரு இருக்கா?" என்றார் அவர். விண்ணப்பத்தை நாம் எழுதிக் கொடுத்தோம். பழைய தோட்டத்தாரைத் தேடி இருவரிடம் சத்தியப் பிரமாணமும் வாங்கினோம். முதல் விண்ணப்பம் காரணம் கூறப்படாமல் திரும்பிற்று. இரண்டாவது இன்னும் விடையின்றி இருக்கிறது. அவர் கேட்டது ஒரு வினா. 1948இல் ஹட்டனிலும் அதே வினாவைத்தான் கேட்டார்கள்.

அம்மூதாட்டியின் பிள்ளைகளோ பிரஜைகள். எதனால்? பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாயிருந்தாற் போதும் என்ற அந்த 1962ஆம் ஆண்டு வாசகத்தால். 2024 அக்டோபர் 17ஆம் நாள் நம் மக்கள் சபை ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டிற் பிறக்கும் பிள்ளைக்குத் தந்தையின் உரிமைபோலவே மலேசியத் தாயின் உரிமையும் செல்லும் என்றது அத்திருத்தம். "தந்தை, தந்தை" என்றே பேசிவந்த சட்டம் தாயையும் எண்ணியது பெரிய சீர்திருத்தம். அதற்காக வழக்காடிய தாய்மாரை வாழ்த்துகிறோம். ஆனால் அதே திருத்தத்தில், நிரந்தரவாசியின் பிள்ளை இங்கே பிறந்ததனால் தானே பிரஜையாகும் அவ்வழியை நீக்கவும் வகை செய்யப்பட்டது. நம் தோட்டங்களில் முதற்செய்தியைச் சிலர் அறிந்திருந்தனர்; இரண்டாவதை அறிந்தாரை நாம் காணவில்லை. அன்று பந்தாட்டம் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டிருந்தால் அனைவரும் சொல்லியிருப்பார்கள்.

குற்றஞ் சொல்லிவிட்டு விலகுவது நம் நோக்கமன்று. செய்யத்தக்கது உண்டு, அதுவும் எளியது. முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் பிறப்புப் பத்திரம், மணப் பத்திரம், பெற்றோரின் அட்டைப் பிரதி ஆகியவற்றை ஒரே உறையில் இட்டுக் காப்பாற்றுங்கள். பதிவு செய்யாத திருமணத்தால் பிள்ளையின் உரிமை சிக்கலாவதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். தாலி கட்டினாற் போதும் என்றிருப்பது போதாது. இரண்டாவது, தோட்டத்திலும் தாமானிலும் சங்கம் வைத்திருக்கும் இளைஞர்கள், திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, பத்திரமில்லாதவர் பட்டியலைத் தயாரியுங்கள். சாட்சி சொல்லத்தக்க முதியோர் இருக்கும்போதே அது நடைபெற வேண்டும். மூன்றாவது, மக்கள் சபையில் இன்று எந்த மசோதா வருகிறதென்று வாரத்துக்கொரு முறையேனும் நாளிதழில் தேடிப் படியுங்கள். 2021 டிசம்பர் முதல் பதினெட்டு வயது நிரம்பிய பிரஜை விண்ணப்பமின்றியே வாக்காளராகிறான். பெயர் தானே ஏறுகிறது. அறிவு தானே ஏறுவதில்லை. நான்காவது, நம்மிடையே ஜாதி பார்ப்பதை விடுங்கள். காகிதமில்லாதவன் எந்த ஜாதியென்று பார்த்து உதவத் துணிவோமாயின், யாழ்ப்பாணத்தாரைக் குறைகூற நமக்கு வாயில்லை.

இவ்வாரம் அம்மூதாட்டி மறுபடியும் கணக்கறைக்கு வந்து, கடிதம் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார். வரவில்லை என்றோம். "வரும் ஐயா" என்று அவரே நமக்கு ஆறுதல் கூறினார். இலங்கையில் ஐம்பத்தைந்து ஆண்டு காத்திருந்தோர் உண்டு. இவருக்கு அத்தனை ஆண்டு இல்லை. மூன்றாவது விண்ணப்பத்துக்கு வேண்டிய சாட்சிகளை நாம் இப்போதே தேடத் தொடங்கியிருக்கிறோம். 1957க்கு முன் கிரியான், லாருட் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோர் இதனைப் படிக்கக் கேட்பாராயின், தம் பிள்ளைகள் வாயிலாக நமக்கு ஒரு சொல் தெரிவிப்பாராக.